பாணினியைப் பதிப்பித்தவர் எழுதிய யாக்கூத் இலக்கணம்

சமஸ்கிருத அகராதிகளோடு பழக்கமுள்ளவர்களுக்கு ஓட்டோ பெட்லிங்க் என்ற பெயர் புதிதல்ல. பாணினியின் சமஸ்கிருத இலக்கண நூலான அஷ்டாத்தியாயியைப் பதிப்பித்தவரும், ருடால்ஃப் ரோத்துடன் சேர்ந்து பீட்டர்ஸ்பர்க் அகராதி எனப்படும் ஏழு தொகுதி சமஸ்கிருத–ஜெர்மன் அகராதியைத் தொகுத்தவரும் அவரே. அந்த மனிதர் 1851இல் வடகிழக்கு சைபீரியாவின் யாக்கூத் மொழிக்கும் ஓர் இலக்கணம் எழுதினார் என்பது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. என்னைக் கேட்டால், அவருடைய பணிகளில் வியப்புக்குரியது இதுதான்.

யாக்கூத்தியாவில் வளர்ந்து அம்மொழியைச் சரளமாகப் பேசிய உவரோவ்ஸ்கி என்ற ரஷ்யரிடம், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு அவர் அதை எழுதினார். உவரோவ்ஸ்கி அம்மொழியிலேயே எழுதிய நினைவுக் குறிப்புகளும் அந்நூலில் இடம்பெற்றன.

தங்களைச் சகா என்று அழைத்துக்கொள்ளும் யாக்கூத் மக்களின் மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் வெகுகாலம் முன்பே பிரிந்து வடக்கே போனதால், மங்கோலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்து, துருக்கியரே எளிதில் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருக்கிறது. அதில் ஆறாம் வேற்றுமை இல்லை. உடைமையைக் காட்டும் விகுதி உடைமைப் பொருளின் மீதே ஏறுகிறது. இன்னொரு வேற்றுமை பெரும்பாலும் ஏவலில் மட்டும் வருகிறது: ‘தண்ணீரைக் கொண்டுவா’ என்பதற்கு ஓர் உருபும், கொஞ்சம் தண்ணீர் போதும் என்னும்போது வேறோர் உருபும் உண்டு. நாம் ‘தண்ணீர் கொண்டுவா’ என்று உருபை விட்டுவிடும் இடத்தில், அவர்கள் தனியே ஓர் உருபைச் சேர்க்கிறார்கள்.

யாக்கூத் மொழிக்கு அகராதி செய்தவரோ ஓர் அரசியல் கைதி. 1881இல் யாக்கூத்தியாவுக்கு நாடுகடத்தப்பட்ட எட்வர்ட் பெகார்ஸ்கி சேகரிக்கத் தொடங்கிய சொற்கள், சுமார் 25,000 பதிவுகளாக வளர்ந்து 1907 முதல் 1930 வரை பகுதி பகுதியாக அச்சேறின.

எழுத்தைப் பொறுத்தவரை சகா மக்களில் ஒருவரான செம்யோன் நோவ்கொரோதவ் 1917இல், மொழியியலாளர்கள் ஒலிகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பன்னாட்டு ஒலிப்பு எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு, பேரெழுத்துகளே இல்லாத ஒரு நெடுங்கணக்கை உருவாக்கினார். 1929இல் வேறொரு லத்தீன் எழுத்துமுறையும், 1939இல் சிரிலிக் எழுத்தும் அதன் இடத்தைப் பிடித்தன. இருபதுகளில் பள்ளியில் படித்த ஒருவர் தம் தாய்மொழியைப் படிக்க மேலும் இரண்டு முறை எழுத்துப் பழக வேண்டியிருந்தது. இன்று ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் பேசும் அம்மொழி, ரஷ்ய எழுத்துகளோடு தனக்கென ஐந்து எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு எழுதப்படுகிறது. யாக்கூத்ஸ்க் நகரத் திரையரங்குகளில் சகா மொழிப் படங்களுக்குக் கூட்டம் வருகிறது.