கூலி எவ்வளவு அத்தை?

கல்யாணமாகிப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட் வந்த மூன்றாவது வாரம். "ஞாயித்துக்கிழமை கோயில்ல கோத்தோங் ரோயோங். வெள்ளனே பசியாறிட்டுக் கிளம்பணும்மா" என்றார் அத்தை. ஏதோ சீனப் பலகாரம் போல என்று நினைத்துக்கொண்டேன். கோயில் ஆயிற்றே என்று பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துப் போய் நின்றால், எல்லார் கையிலும் பாராங் என்கிற வெட்டுக்கத்தி, மண்வெட்டி, விளக்குமாறு!

திருவிழாவுக்கு முன்னால் கோயிலைச் சுற்றிச் சுத்தம் செய்கிறார்களாம். கால்வாய்க்குள் நாலு பேர். பக்கத்துக் கம்பத்து (இங்கே கிராமத்தைக் கம்பம் என்பார்கள்) மலாய்க்காரர் ஒருவர் தன் புல்வெட்டும் எந்திரத்தோடு வந்திருந்தார். பின்னால் பெரிய சட்டியில் மீகூன், அதாவது அரிசிச் சேமியா, பிரட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை காதோரம் கேட்டேன்: "கூலி எவ்வளவு அத்தை?" அவர் சிரித்த சிரிப்பு செம்பனைத் தோட்டம் வரை கேட்டிருக்கும்.

கோத்தோங் ரோயோங் என்றால் ஊரே கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலையாம். கோத்தோங் என்றால் பலர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்குவது. ஜாவாக்காரர்கள் வழியாக வந்த சொல். இந்தோனேசியாவில் 1945 ஜூனில் விடுதலைத் தலைவர் சுகர்னோ, புது நாட்டுக்குத் தான் சொன்ன ஐந்து கொள்கைகளையும் ஒன்றாகச் சுருக்கினால் கோத்தோங் ரோயோங் என்ற சொல்தான் மிஞ்சும் என்று பேசினார். இங்கே அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. சாக்கடை, கல்யாணச் சமையல், டெங்கிக் கொசு, அவ்வளவுதான்.

எங்கள் பக்கமும் ஒரு சொல் இருந்ததே, குடிமராமத்து. தாத்தா காலத்தில் கண்மாய்க் கரை போட வீட்டுக்கு ஓர் ஆள் போவார்களாம். வராதவர்களை வரவைக்க 1858லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த குடிமராமத்தோ 2017இல் வந்த, பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடந்த திட்டம். அதனால் கூலி கேட்டது என் தப்பில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

இங்கே சட்டமெல்லாம் கிடையாது. ஒருமுறை காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டேன். மறுநாள் பசாரில் மூன்று பேர் காய்ச்சலை விசாரித்தார்கள்.

மாமா வேறு கணக்கு வைத்திருக்கிறார். வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (இந்த ஊர்ப் பணம்) சேர்த்துத் தோட்டமே வாங்கினாரே, அதுதான் பெரிய கோத்தோங் ரோயோங் என்பார். அத்தை ஒத்துக்கொள்வதில்லை. "காசு போட்டா அது பங்கு. இதுக்கு உடம்பு வளையணும்."

சரி, நானும் வளைக்கிறேன். பழைய சுடிதார் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். மீகூன் சட்டிப் பக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.