மழையைப் பார்த்த பிறகு இட வேண்டிய கையொப்பம்

கோத்தகிரிக்கு அருகே சரிவில் அமைந்த எங்கள் குடியிருப்பின் பொறுப்பு, அதைக் கட்டிய நிறுவனத்திடமிருந்து வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு இந்த ஆண்டு தை மாதத்தில் வந்து சேர்ந்தது. சமவெளியில் இதே வேலையை முடித்த நண்பர்களின் அறிவுரைகள் பெரும்பாலும் வங்கிக் கணக்கையும் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் பற்றியவையாகவே இருந்தன. மலையில் முதலில் கேட்டுப் பெற வேண்டியவை வேறு.

ஒப்படைப்புக் கூட்டத்தை மே மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நிறுவனம் முதலில் சொன்னது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வசிக்கும் உரிமையாளர்கள் சீசனுக்கு மேலே வருவதால், பொதுக்குழுவுக்கு வேண்டிய எண்ணிக்கை அப்போதுதான் எளிதில் சேரும். ஆனால் மே மாதத்தில், சரிவின் மண்ணைத் தாங்கும் எந்தத் தடுப்புச் சுவரும் நல்ல நிலையில் இருப்பதாகத்தான் தெரியும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளைச் சோதிப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே இருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. ஆகவே நவம்பர் மழையில் குடையோடு நடந்து, சுவர்களின் நீர்க்கசிவுத் துளைகளில் தண்ணீர் வெளியேறுகிறதா, மேல்தள வீடுகளின் கூரைத் தண்ணீர் கால்வாயில் விழுகிறதா அல்லது மண்ணுக்குள் இறங்குகிறதா என்று பார்த்துப் படமெடுத்த பிறகே கையொப்பம் என்று முடிவு செய்தோம். துளைகள் அடைபட்டு, பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தை வாங்கிக்கொண்டு நிற்கும் சுவர், அந்தச் சுமையை வெளிக்காட்டாமல் பல ஆண்டுகள்கூட நிற்கக்கூடும் என்பதால், சுவரின் வரைபடத்தையும் அடித்தள ஆழத்தையும் எழுத்தில் கேட்டுப் பெற்றோம்.

ரெரா என்று எல்லோரும் அழைக்கும் 2016ஆம் ஆண்டு மத்திய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதில் உரிமையாளர்களுக்குத் துணையாக நிற்கிறது. பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான 3 மாதத்துக்குள் சங்கம் அமைய நிறுவனம் வழிசெய்ய வேண்டும். மாநிலச் சட்டம் வேறு விதிக்காத இடத்தில், நிறைவுச் சான்றிதழ் பெற்ற 30 நாட்களுக்குள் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் தர வேண்டும். கட்டமைப்புக் குறைகளை 5 ஆண்டுகள் வரை கட்டணமின்றிச் சரிசெய்து தரும் கடமையும் உண்டு. ஆனால் அந்த 5 ஆண்டு, வீடு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறதே தவிர, சங்கம் பொறுப்பேற்ற நாளிலிருந்து அல்ல. சங்கம் அமைப்பதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் நம் கணக்கில்தான் கழிகிறது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குக் கடுமையான வாக்குவாதமே நடந்தது. எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் தரும் ஊற்று, விற்காமல் நிறுவனம் தன் பெயரிலேயே வைத்திருக்கும் மேட்டு நிலத்தில் இருக்கிறது. "தண்ணீர் எப்போதும் வரும்" என்ற வாய்மொழி உறுதி, அந்த நிலம் கைமாறும் நாளில் எதற்கும் உதவாது. ஊற்றிலிருந்து எடுக்கும் உரிமை, குழாய் செல்லும் பாதை, பழுதுபார்க்க ஆள் நடந்துபோகும் வழி ஆகிய மூன்றும் பொது இடங்களுக்கான பத்திரத்தோடு சேர்த்துப் பதிவாக வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

கார்பஸ் நிதியை, அதாவது பிற்காலப் பெரிய செலவுகளுக்காக உரிமையாளர்களிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கும் தொகையைப் பொறுத்தவரை, பத்திரப் பதிவின்போது வாங்கிய தொகையும் அதன் வட்டியும் தணிக்கை செய்த கணக்கோடு வந்தால் போதும். விற்காத வீடுகளுக்கும் நிறுவனம் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியிருக்கிறதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள்.

எந்த வால்வு எந்த வரிசைக்கு, கழிவுநீர்த் தொட்டியின் மூடி எந்தப் புல்தரைக்குக் கீழே என்பதையெல்லாம் அறிந்தவர், தொடக்கம் முதலே இங்கு வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணன் ஒருவர்தான். நிறுவனம் தந்த வரைபடத்தில் இருந்ததைவிட அவர் நடந்து காட்டியது அதிகம். அவருக்கு உரிய கூலி கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் புதிய வரைபடத்தில் குறித்தோம். அவரைச் சங்கத்தின் ஊழியராகவும் சேர்த்துக்கொண்டோம்.

மழையில் கண்ட குறைகளைப் பட்டியலாக ஒப்படைப்பு ஆவணத்தோடு இணைத்து, இரு தரப்பும் கையொப்பமிட்டோம். கீழ்த் தளத்துச் சுவரின் கால்வாய் வேலை மட்டும் நிலுவையில் இருக்கிறது. ஆடிக்குள் அது முடியாவிட்டால், அந்தப் பட்டியலோடு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் அளிப்பதென்று பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.