குப்பைமேட்டு வாசலைக் கட்டிய பிரபு

எங்கள் வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் இப்போது பைபிளில் நெகேமியா புத்தகம் போய்க்கொண்டிருக்கிறது. எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் திரும்பக் கட்டினார்கள் என்று சொல்கிற மூன்றாம் அதிகாரம் வாசிப்பது என் தலையில் விழுந்தது. ஒரு தடவையாவது முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். மெஷேசாபெயேல் என்று வந்ததும் நாக்கு சுளுக்கிக்கொண்டது. பின்னால் இருந்த பையன்களுக்கு ஒரே சிரிப்பு.

வீட்டுக்கு வந்து ரோஷத்தில் மறுபடி வாசித்தேன். ஊர், பேர், 'அவன் அருகே', 'அவர்கள் அருகே'. அவ்வளவுதான் அதிகாரமே. ஆனால் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் பாருங்கள். பிரதான ஆசாரியன் எலியாசிப் ஆட்டுவாசலைக் கட்டுகிறார். தட்டாரும் தைலக்காரரும் அடுத்தடுத்து கல் அடுக்குகிறார்கள். சல்லூம் தன் மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். குப்பைமேட்டு வாசலைக் கட்டியது மல்கியா, ஒரு மாகாணத்துக்கே பிரபு! தெக்கோவா ஊர்ப் பெரிய மனுஷர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதையும் மறக்காமல் எழுதியிருக்கிறது. அந்த ஊர் ஜனங்களோ தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பங்கும் கட்டினார்கள்.

இதில் நெகேமியாவின் பெயர் எங்கே என்று தேடினேன். 16-ம் வசனத்தில் ஒரு நெகேமியா வருகிறார், ஆனால் அவர் அஸ்பூகின் மகன். பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் பானபாத்திரக்காரராக இருந்து, அவருடைய அரண்மனை இருந்த சூசானிலிருந்து வந்து, ராத்திரியில் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தாரே, வேலையை முன்னின்று நடத்திய அந்த அகலியாவின் மகன் நெகேமியா பட்டியலிலேயே இல்லை. 52 நாளில் வேலை முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் முன்பு இருந்த ஒரு சபையில் சுற்றுச்சுவர் கட்டினோம். முடிந்ததும் கல்வெட்டு வைத்தார்கள். முதலில் கமிட்டித் தலைவர், அப்புறம் தொகை வாரியாகக் கொடுத்தவர்கள், கடைசியில் 'மற்றும் சபையார்'. வெயிலில் சாந்துச் சட்டி சுமந்த மூன்று அக்காமாரும் அந்த 'மற்றும்'-க்குள்தான். நானும் அந்தக் கமிட்டியில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அடுத்து ஐந்தாம் அதிகாரத்துக்கு வருவோம். சொந்த ஜனத்துக்கே வட்டிக்குக் கொடுத்து, வயலையும் திராட்சத்தோட்டத்தையும் எழுதி வாங்கி, பிள்ளைகளை அடிமையாக்கியவர்களை நெகேமியா சபை கூட்டிக் கேட்கிற இடம். "அதை விட்டுட்டு நேரா ஆறுக்குப் போயிரலாமே தம்பி" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி இப்போதே கேட்டுவிட்டார். அவர் தொழில் என்னவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.