கௌபி வாளியும் தென்கடல் மீனும்

ஒக்டோபர் 7

காலையிலிருந்து மூட்டம், பத்து மணிக்கே வகுப்பில் லைட் போட வேண்டியிருந்தது. தரம் 10க்குக் குடித்தொகை பாடம், அதாவது ஓரிடத்தில் ஓர் உயிரினம் எத்தனை இருக்கிறது என்பது. நான் எடுத்துக்கொண்டது அந்தாட்டிக்காவின் டூத்பிஷ் என்ற மீன். ஆள் உயரத்துக்கு வளரும், சில 100 கிலோவையும் தாண்டும். அந்தாட்டிக்காக் கரையோர ரொஸ் கடலில் 1,000 மீற்றருக்கும் கீழே தூண்டில் கயிறு இறக்கிப் பிடிக்கிறார்கள். எங்கள் ஹட்டன் பக்கம் கருவாடும் டின்மீனும்தான், அதனால் பிள்ளைகளுக்கு அது வேறு உலகம்.

"எத்தனை மீன் இருக்குன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" பின்வாங்கிலிருந்து கேள்வி வந்தது. இதற்காகத்தான் அந்த மீனையே எடுத்தேன்! பல மீன்களைக் கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து அளக்கலாம். டூத்பிஷ்ஷுக்குக் காற்றுப்பை இல்லை, எதிரொலி சரியாக வராது, குளிர்காலத்தில் கடலையே பனி மூடிவிடும். ஆகவே பிடித்த ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு மீன் என்ற கணக்கில் அடையாளப் பட்டி குத்தி உயிரோடு திரும்ப விடுகிறார்கள், அடுத்த வருடங்களில் அந்தப் பட்டிகள் எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்க்கிறார்கள்.

ஒக்டோபர் 8

வீட்டிலிருந்து ஒரு வாளியில் கொஞ்சம் கௌபிப் பயறு கொண்டு போனேன். கௌபிதான் மீன், நகப்பூச்சுதான் பட்டி. 60 கௌபிக்குச் சிவப்பு நகப்பூச்சு, வாளியில் போட்டு நன்றாகக் கிளறி, 80 அள்ளினோம், 6 சிவப்பு. 60ஐ 80ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 800. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது 763! வகுப்பே கைதட்டியது.

அடுத்த முறை ஒருவன் சிவப்பை மேலாகப் போட்டுவிட்டு, கிளறாமல் அடியில் கைவிட்டு 80 அள்ளினான். 1தான் வந்தது. கணக்குப்படி 4,800. இருப்பதைவிட ஆறு மடங்கு! கடலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். டூத்பிஷ் அதிகம் அலைவதில்லை, விட்ட இடத்துக்குக் கிட்டவே பெரும்பாலும் திரும்பப் பிடிபடுகிறது. பட்டி குத்தாத பக்கமாகக் கப்பல்கள் போனாலும், விட்ட மீன் செத்துப்போனாலும், கிடைத்த பட்டியை யாராவது சொல்லாமல் விட்டாலும் மீன் நிறைய இருப்பதாகவே கணக்குக் காட்டும், அதை நம்பி இன்னும் பிடிப்பார்கள்.

ஒக்டோபர் 12

அம்மாவிடம் இதைச் சொன்னேன். முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தவர். பாதியிலேயே நிறுத்தி, "நிறுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

அம்மா வேலை செய்த தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு ஒன்று காட்டும், துண்டில் வேறொன்று எழுதுவார்கள். ஈரம் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள், கொழுந்து கட்டும் படங்குக்கு ஒரு கிலோ, மழையே இல்லாத நாளிலும் ஈரம்தான். அரை நாள் சம்பளம்தான் என்று அரைப் பேர் போட்ட நாட்களில் அம்மா அழுதுகொண்டே ரொட்டி சுட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தென்கடல் மீன்பிடியை நடத்தும் ஆணையம் அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இருக்கிறது. ரொஸ் கடலில் டூத்பிஷ் பிடிக்கும் கப்பலில் அவதானிப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அதுவும் கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டைச் சேராதவராக என்று அவர்கள் விதி வைத்திருப்பதைச் சொன்னேன். "அப்ப சரி. கூலி குடுக்கிறவனே நிறுக்கக் கூடாது புள்ள" என்றார்.

ஒக்டோபர் 20

இந்த மாதம் ஹோபார்ட்டில் வருடாந்தக் கூட்டம், பிடி அளவெல்லாம் அங்கேதான் முடிவாகும். டூத்பிஷ்ஷுக்கு அவர்களுடைய விதி, 35 வருடம் கழித்தும் முட்டையிடும் மீன்களின் மொத்த எடை, மீன்பிடி தொடங்கும் முன் இருந்ததில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது. பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே பதினாறு வருடமளவில் ஆகிறதே, அதனால் இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

யாரும் எண்ணாமல் பிடித்த காலத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தென் அத்திலாந்திக்கில் உள்ள தென் ஜோர்ஜியாத் தீவைச் சுற்றி, 1969-70 பருவத்தில் சோவியத் கப்பல்கள் ஒரு வகைப் பாறை மீனைச் சுமார் 4 இலட்சம் தொன் அள்ளின. சில வருடங்களிலேயே அந்த மீன்பிடி படுத்துவிட்டது. அதைக் குறிவைத்துப் பிடிப்பதற்குத் தடை வந்தது 1985இல். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அப்புறம் வாளியைத் திறந்தால் சில கௌபியில் நகப்பூச்சு உரிந்து கிடந்தது. கடலிலும் பட்டி கழன்று விழும், அதனால்தான் ஒரு மீனுக்கு இரண்டு பட்டி குத்துகிறார்கள் என்றதும், நாளைக்கு ஒவ்வொரு கௌபிக்கும் இரண்டு புள்ளி வைப்பதாக முடிவு செய்தார்கள். எண்ணுவதற்குத் தரம் 11 அக்காமாரைக் கூப்பிடலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். கூப்பிடச் சொல்லிவிட்டேன்.