இலையைப் பார்த்துப் போடு

ஆடி அமாவாசைக்கு அம்மாவோடு திருகோணமலைக்குப் போனேன். எங்களுக்கு யாழ்ப்பாணத்து வடமராட்சி. அப்பாவின் பிதிர்க்கடனைக் கீரிமலையிலேயே முடித்திருக்கலாம். ஆனால் கோணேசரைக் கும்பிட்டு, அந்த ஊரில் ஒரு நேரம் அன்னதானம் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் நேர்த்தி.

விடியவே கடலில் தர்ப்பணம் முடித்துவிட்டு, கோட்டை வாசலால் நடந்தோம். 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் கற்கள்தான் இந்தக் கோட்டைக்குள் இருக்கின்றன. மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. சுவாமி மலையில் ஏறும்போது அம்மா இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறினார். மாதுமை அம்பாள் சந்நிதிக்கு வந்ததும் அந்தக் களைப்பெல்லாம் எங்கே போனதோ, திரை விலகும்வரை கைகூப்பியபடியே நின்றார்.

அந்த நேர்த்திக்கு ஒரு காரணம் உண்டு. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் அப்பாவின் படகு மாதக்கணக்காகக் கரையில் கிடந்தது. அந்த வருடம் செப்டெம்பரில், கொழும்புக் கணக்குப்படி, சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்தைய வருடத்தைவிட 90 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அப்போது ஓரிடத்தில் உலர் உணவுப் பொதி கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, மா, சீனி. கொடுத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன், அந்த அரிசியில்தான் பத்து நாள் உலை வைத்தோம். ஆனால் பொதியைப் பிடித்தபடி படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்தார். அப்பா நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் அப்பா போய்விட்டார்.

ஊருக்குள் இருக்கும் ஒரு சிறிய அம்மன் கோயிலில் எங்கள் உபயம். நாங்கள் போனபோது மூன்று கிடாரம் அடுப்பில் இருந்தது. வடித்த சோற்றைப் பாயில் வெள்ளைத்துணி விரித்துக் கொட்டியிருந்தார்கள், ஆவி கூரைவரை போனது. பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு, அன்றைக்கென்றே காத்தோட்டிக்காய்ப் பொரியல், பயற்றம் பாயாசம். காய்கறியில் பாதி சந்தைக்காரர்கள் கொடுத்தது. அரிசியில் ஒரு பங்கு பிடியரிசி: வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். உணவு வங்கி என்று இப்போது சொல்வதை எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு சிறு பானையில் நடத்திவந்திருக்கிறார்கள். 1877 பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததும், ஊர் கூடிக் கொடுத்ததால்தான் நடந்தது.

பரிமாற வாளியைத் தூக்கினேன். சமையலுக்குப் பொறுப்பான ஐயா தோளில் கைவைத்தார்.

“தம்பி, இலையைப் பார்த்துப் போடு. முகத்தைப் பார்க்காதே.”

முதல் பந்தியிலேயே ஏன் என்று விளங்கிவிட்டது. காவலாளிச் சீருடையோடு ஒருவர், பட்டுச்சேலையில் ஒரு குடும்பம், லொத்தர்ச்சீட்டு விற்கும் முதியவர், பக்கத்தில் பள்ளிச் சட்டையோடு ஒரு சிறுவன். யார் நேர்த்திக்கு வந்தவர், யாருக்கு அன்றைய முதல் சாப்பாடு இது என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் தேவையில்லை. எல்லோர் இலையிலும் அதே சோறு, எல்லோரும் வாங்குவது பிரசாதம். இங்கே பசித்தவன் தன் வறுமையை எவருக்கும் எடுத்துக்காட்ட வேண்டாம். எங்கள் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அந்தப் பெயரின் முழு அர்த்தமும் அன்று வாளியோடு குனிந்து நின்றபோதுதான் பிடிபட்டது. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலில் பாத்திரத்தோடு நிற்கும்போதும், வெசாக் நேரத்தில் இலவசமாய்ச் சாப்பாடு கொடுக்கும் தன்சலில் வரிசையில் நிற்கும்போதும் இப்படித்தானே, யாரும் பெயர் கேட்பதில்லை.

நான்கு பந்தி ஓடியது. மிஞ்சியதைப் பார்சல் கட்டி, வரமுடியாத வயதானவர்களின் வீடுகளுக்கு இரண்டு பெடியன்கள் சைக்கிளில் கொண்டுபோனார்கள்.

கடைசிப் பந்தியில் அம்மா பாயாசம் விட்டார். ஓரத்தில் ஒரு பெண், மடியில் குழந்தை, தலை நிமிரவே இல்லை. சேலைத் தலைப்பை முகத்துக்குக் குறுக்கே இழுத்து வைத்திருந்தாள். அம்மா ஒரு கணம் நின்றார். பிறகு இலையை மட்டும் பார்த்தபடி குனிந்து கேட்டார்:

“இன்னும் கொஞ்சம் விடவா பிள்ளை?”