பெரியவர்கள் கேலி செய்தால்

பிறரோடு பழகக் கற்றுக்கொடுக்கும் எங்கள் பயிற்சியில், கேலிக்கு மறுமொழி சொல்லப் பழக்கும் வகுப்பென்றால் குழுவிலுள்ள பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம். "கண்டுக்காத, டீச்சர்ட்ட சொல்லு" என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் புத்திமதியால் கேலி கூடுமே தவிரக் குறையாது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன் குழுவினர் வளரிளம் பருவத்தினருக்காக உருவாக்கிய 'பியர்ஸ்' என்ற பழகுதிறன் பயிற்சியின் அடிப்படையும் இதுதான்: பெரியவர்கள் சரியென்று நினைப்பதை விட்டுவிட்டு, சக வயதினரிடையே நன்றாகப் பழகும் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்களோ அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். உறைக்காததுபோல் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவது அதில் ஒன்று. எங்கள் பாளையங்கோட்டைக் குழுவின் பிள்ளைகள் அதற்குத் தாங்களே தேர்ந்தெடுத்த வாக்கியம் "சரி, அதுக்கென்ன இப்போ?" என்பது. ஒத்த வயதுக்காரர்களிடம் மட்டுமே சொல்ல வேண்டும், கைநீட்டுகிறவனிடமும் பெரியவர்களிடமும் கூடாது என்பதைப் பலகையிலும் எழுதிப் போட்டிருந்தேன்.

அந்தக் குழுவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும், ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருந்தான். சாதாரணப் பேச்சையும் எழுத்துத் தமிழில்தான் பேசுவான். சேரன்மகாதேவிப் பக்கம் அவர்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில், சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, அவன் பெரியப்பா "என்னலே, ரேடியோல செய்தி வாசிக்கியா?" என்று அவனைப்போலவே பேசிக் காட்டியிருக்கிறார். பையன் தோளைக் குலுக்கி, "சரி, அதுக்கென்ன இப்போ?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாங்கள் பழக்கியபடி, ஒரு பிசகில்லாமல்.

"பிள்ளைக்கு வாய் வரட்டும்னுதான் சார் அனுப்புனேன், வாய்க்கொழுப்புல்லா வந்துட்டு" என்றார் அவன் அம்மா.

அறைக்குள் கற்றது அறையோடு நின்றுவிடுகிறது என்பது இத்துறையின் பழைய குறை. அதைத் தாண்டி, கற்றதை வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்திய பிள்ளையை நான் கண்டிக்க வேண்டியிருந்தது. பலகையில் எழுதிய விதியை நினைவூட்டினேன். அவன் கோபப்படவில்லை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்படியென்றால் பெரியவர்கள் கேலி செய்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விடு என்றேன். "தாகம் இல்லாவிட்டாலுமா சார்?" என்றான். இல்லாவிட்டாலும் என்றேன். எழுதிக்கொண்டான்.

அந்தப் பதிலில் தவறில்லை என்றுதான் இன்றும் வாதிடுவேன். அவன் வாழப்போவது அந்த உறவுகளுக்கு நடுவே; பெரியப்பாவின் பேச்சு எடுபடும் குடும்பத்தில் அவரைப் பகைத்துக்கொண்டு அவனுக்கோ அவன் அம்மாவுக்கோ ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் தோன்றுகிறது. ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான புரியாமை இருபக்கமும் இருப்பது என்று ஆட்டிசம் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். இங்கேயும் பையனுக்குப் பெரியப்பாவின் விளையாட்டு புரியவில்லை என்றால், பெரியப்பாவுக்கும் பையனின் பேச்சு புரியவில்லை. ஆனால் பெரியப்பாவுக்கு எந்தச் சனிக்கிழமையும் வகுப்பு கிடையாது. பியர்ஸில் பெற்றோருக்கும் அதே நேரத்தில் தனி அமர்வு உண்டு. எங்களிடம் அதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், வீட்டில் பேச்சு எடுபடாதவர்கள். பெரியப்பாவையும் ஒருநாள் கூட்டிவரலாமா என்று கேட்டதற்கு, "அவரக் கூப்பிட்டா எங்க வீட்டுக்காரருக்கு மரியாதையா இருக்காது சார்" என்று அம்மா முடித்துவிட்டார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கும் துணிவில்லை, அல்லது உரிமையில்லை. எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பயிற்சி முடிவில் பெற்றோர் நிரப்பித் தரும் படிவத்தில், உறவினரோடு பழகுதல் என்ற வரிக்கு அம்மா முழு மதிப்பெண் போட்டிருந்தார். "இப்பல்லாம் யாரு வந்தாலும் ஒரு வார்த்தை பேசுறதில்ல சார், அவ்வளவு மரியாதை" என்று விளக்கமும் சொன்னார். அந்த எண்ணை முன்னேற்றக் கணக்கில் அப்படியே சேர்த்தேன். குறிப்பு எழுதும் இடத்தில் மட்டும், பேச்சு குறைந்திருப்பதைத் தனியே கவனிக்க வேண்டும் என்று எழுதினேன். அடுத்த குழுவுக்கும் கேலி வகுப்பு உண்டு. பலகையில் அந்த விதியையும் எழுதத்தான் போகிறேன்; தாகம் இல்லாவிட்டாலுமா என்று இன்னொரு பிள்ளை கேட்டால் சொல்ல வேறு பதில் இன்னும் கைவசமில்லை.