கரடி சொன்ன 'சரி'

ஒரு சின்னப் பையன் என்னைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். நான் 'சரி' என்று சொன்னதுதான் காரணம்.

வாயால் சொல்லவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. பையனுக்கு ஐந்து வயது இருக்கும், கையில் பாதி உருகிய ஐஸ்கிரீம். என் தொந்திக்கு எதிரே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, கட்டிப்பிடிக்கட்டுமா என்று கேட்டான். நானும் நம் ஊர் வழக்கப்படி, தாராளமாக, தலையை இடமும் வலமுமாக இரண்டு தடவை சாய்த்தேன். சாய்த்தது என் தலை. ஆடியதோ அதன் மேல் கவிழ்த்திருந்த, அண்டா அளவுள்ள கரடித் தலை. பையனின் உதடு பிதுங்கியது. அப்புறம் ஒரே அழுகை.

"ஏன் குழந்தையிடம் மாட்டேன் என்கிறாய்?" என்று பக்கத்தில் நின்ற பெண் என் காதுக்கு நேராக, அதாவது கரடியின் கழுத்துக்கு நேராக, கிசுகிசுத்தாள்.

மாட்டேன் என்று யார் சொன்னது? அதைக்கூட நான் கேட்க முடியாது. முதல் விதி.

இது 2024 ஜூலையில் நடந்தது. ஜனவரிக் குளிரில் கனடாவுக்குப் படிக்க வந்து இறங்கி, டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் மூன்று பேரோடு குடியிருந்தேன். கோடை விடுமுறை. ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து காலை ஆறு மணிக்கு போன் வந்தது. டொரண்டோவுக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா, பெயர் வேண்டாம். கரடி வேஷம் போடுகிறவர் வரவில்லையாம். ஒரு நாள் வேலை. மணிக்கு 16 டாலர் 55 சென்ட், அன்றைக்கு ஒன்ராறியோவில் அதுதான் குறைந்தபட்சக் கூலி. உயரம் கேட்டார்கள், சொன்னேன். வெக்கை தாங்குவாயா என்று கேட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது!

கேட்க வேண்டிய கேள்விதான் என்று பிற்பாடு தெரிந்தது. அன்று வெயில் 31 டிகிரி, ஹியூமிடெக்ஸ் 40. காற்றின் ஈரத்தையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்று சொல்லும் கணக்கு இது. 1965 முதல் கனடாவில் புழக்கத்தில் இருக்கிறதாம். குளிர்காலத்தில் காற்றைக் காட்டிக் குறைத்துச் சொல்வார்கள், கோடையில் ஈரத்தைக் காட்டிக் கூட்டிச் சொல்வார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல எந்தப் பருவத்திலும் இவர்களுக்கு மனசு வராது. ஆனால் கரடிக்குள் எவ்வளவு டிகிரி என்று எந்த வானொலியும் சொல்லவில்லை.

உடை மாற்றும் அறையில் கரடி கொக்கியில் தொங்கியது. பக்கத்தில் போனதும் சாராய வாடை. முந்தின நாள் இதைப் போட்டவன் குடித்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. தினமும் துவைக்க முடியாத உடையில் வியர்வை நாற்றம் போக வோட்காவில் தண்ணீர் கலந்து தெளிப்பார்களாம். நாடக உடைக்காரர்களின் பழைய கைவைத்தியம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. வேஷம் கட்டுகிறவன் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்கிற ஊரில் பிறந்தவன் நான். இங்கே வேஷமே குடித்துவிட்டு நிற்கிறது.

முதலில் ஐஸ் பைகள் செருகிய ஒரு கையில்லாச் சட்டை. அதன் மேல் கரடி உடம்பு. அப்புறம் கால், கை, கடைசியில் தலை. கைக்கு நாலே விரல்கள். என் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டன, ஸ்கார்பரோவில் நாங்கள் இருப்பதைப் போல. கரடியின் கண்ணுக்கும் பார்வைக்கும் சம்பந்தம் இல்லை. வாயில் ஒரு கறுப்பு வலை, அதன் வழியாகத்தான் உலகம். கீழே பார்த்தால் தொந்தி மறைக்கும். அதனால்தான் குழந்தைகள் இடறிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை உடன் அனுப்புகிறார்கள். பத்தொன்பது வயது, பல்லுக்குக் கம்பி போட்டவள். அன்றைக்கு என் மேலதிகாரி அவள்தான். அரை மணி வெளியே, அரை மணி உள்ளே. பேசக் கூடாது. யார் முன்னாலும் தலையைக் கழற்றக் கூடாது. கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் தொந்தியைத் தட்ட வேண்டும்.

மற்றதெல்லாம் சமாளித்துவிட்டேன். மூக்கு அரித்தபோது மூக்கையே மறந்துவிடப் பழகினேன். வாலைப் பிடித்து இழுத்தவர்களை மன்னித்தேன். தலைதான் படுத்தியது. பேச்சு இல்லை, முகம் இல்லை, மிச்சம் இருப்பது தலையாட்டல் ஒன்று. அதுவும் தமிழில் ஆடுகிறது. தேன் பிடிக்குமா என்று ஒரு சிறுமி கேட்டாள், ஆட்டினேன். "இந்தக் கரடிக்குத் தேன் பிடிக்காதாம்!" என்று தன் அப்பாவிடம் ஓடினாள். இன்னொருவர் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, நான் ஆட்டியதைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் இடைவேளையில் அந்தப் பெண் எனக்குப் பாடம் எடுத்தாள். ஆமாம் என்றால் மேலும் கீழும். இல்லை என்றால் பக்கவாட்டில். கண்ணாடி முன் நிறுத்தி இருபது தடவை செய்யச் சொன்னாள். செய்தேன். அசல் ஓணான். சின்ன வயதில் வேலியில் உட்கார்ந்து இப்படித் தலையாட்டிய ஓணான்களை எவ்வளவு கல்லெறிந்திருப்போம். அந்தப் பாவம் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது.

ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டே, நீ எந்த ஊர் என்று கேட்டாள். குலசேகரன்பட்டினம் என்றால் அவளுக்கு எங்கே புரியும். இந்தியாவின் தெற்கு முனைப் பக்கம் ஒரு கடற்கரை, இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் அங்கேதான் வருகிறது, பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ராக்கெட் அவளை அசைக்கவில்லை. எங்கள் அப்பாவும் கரடிதான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படியா! எந்தப் பூங்காவில்?"

எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் தசராவை ஆங்கிலத்தில், இடைவேளையில் மிச்சமிருந்த பத்து நிமிஷத்தில், எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கில் வேஷம் கட்டுவார்கள், காளி, குரங்கு, ராஜா, குறவன், போலீஸ், பிச்சைக்காரன் என்று. வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள் என்றேன். "மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை.

எனக்கு நாலு வயதில் மஞ்சள்காமாலை வந்தது. பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் கரடி வேஷம் கட்டச் சொல்கிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். நேர்ந்தது அம்மா, கட்டியது அப்பா. எங்கள் வீட்டில் பல காரியங்கள் அப்படித்தான். அப்பாவுக்கு உடன்குடியில் சைக்கிள் கடை. தசராவுக்கு இருபத்தொரு நாள் முன்பே மாலை போட்டுவிட்டு, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. கோயிலில் கொடியேறியதும் காப்புக் கட்டிக்கொண்டு வேஷம். கோணிச் சாக்கில் கறுப்பு நூலைக் கொத்துக் கொத்தாக வைத்து அவரே தைத்தது. மூக்கு, பழைய சைக்கிள் ட்யூப்.

முதல் நாள் அந்த உருவம் வாசலில் வந்து நின்றபோது நான் அலறிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினேன். அம்மா இழுக்கிறாள், நான் அரிசிப் பானையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறேன். கரடி வாசலில் இருந்தபடியே, "ஏல, அப்பாதாம்ல" என்றது. அவ்வளவுதான். போய் முதுகில் ஏறிக்கொண்டேன்.

அப்பாவின் கரடி ஊமைக் கரடி இல்லை. தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேசும். பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளை எப்போது வந்து எடுக்கப்போகிறாய் என்று கேட்கும். கையில் விழுந்த காசு ஒரு மஞ்சப்பைக்குள் போகும், பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கப் போகும்போது அப்படியே உண்டியலுக்குப் போகும். பஸ் சார்ஜுக்குக்கூட அதில் கைவைக்க மாட்டார். ஒரு வருஷம் சில்லறை இல்லாமல், கரடி உடையோடு உடன்குடிக்கு நடந்தே வந்தார்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அதற்குள் அரை மணி முடிந்துவிட்டது.

மூன்று மணி வெயிலில், ஓணான் ஆட்டம் நன்றாகவே கைவந்துவிட்டது. தேன் பிடிக்கும், படம் எடுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலும் கீழும். அப்போதுதான் பக்கவாட்டில் ஒரு குரல் கேட்டது.

"பயப்பிடாதை ராசா. உள்ளுக்க ஆரோ ஒரு பெடியன்தான் நிக்கிறான்."

"அம்மா, அவனுக்குச் சொல்லாதேங்கோ. அவன் உண்மையான கரடி எண்டு நினைக்கிறான்."

திரும்பினேன். கரடியாக இருந்தால் திரும்புவது என்பது மொத்த உடம்பையும் திருப்புவது. நூல் சேலை, அதற்குக் கீழே ஓடுகிற சப்பாத்து, தலையில் பேஸ்பால் தொப்பி, எழுபதைத் தாண்டிய ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. பக்கத்தில் மகள். சேலைக்குப் பின்னால் ஒளிந்து ஒரு பேரன். பேரன் எட்டிப் பார்த்து, நீ கடிப்பாயா என்று ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை என்றால் பக்கவாட்டில், அதைச் சரியாகவே ஆட்டினேன். அப்படியென்றால் கை கொடுப்பாயா என்றான். தமிழ் காதில் விழுந்த மயக்கமோ என்னவோ, ஓணான் ஓடிவிட்டது. தலை தன்பாட்டுக்கு இடமும் வலமுமாகச் சாய்ந்தது.

பேரன் பின்வாங்கினான். கிழவி சிரித்தார்.

"இஞ்ச பார், தலையாட்டுறதைப் பாத்தா எங்கட ஆள் போல கிடக்கு." கிட்டே வந்து, வலைக்குள் உற்றுப் பார்த்தார். "தமிழோ அப்பன்?"

சாய்த்தேன்.

"ஆர் பெத்த பிள்ளையோ, இந்த வெக்கைக்குள்ள. சாப்பிட்டனியோ?"

காலையில் தின்ற இரண்டு ரொட்டித் துண்டுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நம்மில் யார் உண்மையைச் சொல்லியிருக்கிறோம்? அதற்கும் சாய்த்தேன். உள்ளே கண் கரித்தது. வியர்வை என்றே வைத்துக்கொள்வோம், துடைக்கத்தான் வழியில்லை. கிழவி கைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்து என் நாலு விரல் கைக்குள் வைத்து மூடினார். பேரன், பாட்டியே தொட்டுவிட்டாள் என்ற தைரியத்தில், ஒரு விரலைப் பிடித்துக் குலுக்கினான்.

பணம் வாங்கக் கூடாது, அதுவும் விதி. பல்கம்பிப் பெண் பதறிப்போய் ஏதோ விளக்கினாள். கிழவி எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்றபடி நடந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கலாம் என்று விரலை விரித்தால் காசைக் காணோம். சாயங்காலம் கரடியைக் கழற்றும்போது உடைக்குள் எங்கெங்கோ பயணம் செய்து வலது பாதத்திலிருந்து உருண்டு விழுந்தது. இரண்டு டாலர் நாணயம். வெளிவட்டம் வெள்ளி நிறம், நடுவில் பொன் நிறம், அதில் பனிப்பாறை மேல் நிற்கிற ஒரு துருவக் கரடி. 1996-இல் இந்தக் காசு வந்ததிலிருந்து அந்தக் கரடிதான் நிற்கிறது. ஒப்படைத்திருக்க வேண்டும், ஒப்படைக்கவில்லை.

மறுநாள் ஏஜென்சி வேறு வேலைக்கு அனுப்பியது. பெட்டி அடுக்கும் கிடங்கு, அங்கே பேசலாம், ஆனால் பேச ஆளில்லை. அதன் பிறகு நன்றாகவே பழகிவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவருக்காக நிற்கிறேன். என் காலை மிதித்தவரிடம் நானே சாரி சொல்கிறேன். தலை மேலும் கீழும் தானாகவே ஆடுகிறது. வீடியோ அழைப்பில் அம்மா "சாப்பிட்டியால?" என்று கேட்க, அப்படியே ஆட்டியிருக்கிறேன். "என்னல இது, ஓணான் மாதிரி?" என்றாள்.

காசு, அறை ஜன்னல் விளிம்பில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏழு மாதம் இருந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மைனஸ் 18. இரண்டு தெரு தள்ளி இருக்கிற சலவைக் கடைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, இயந்திரத்துக்குப் போட இரண்டு டாலர் குறைந்தது. அது நாணயம் மட்டும்தான் தின்னும், அட்டையைத் தின்னாது. இருந்த கரடியைப் போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். சாராய வாடை, நாலு விரல், ஓணான், கிழவி எல்லாவற்றையும் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவர், சலவைக் கடை வந்ததும் நிறுத்திவிட்டார். சைக்கிள் கடையில் யாரோ காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேசத்துக்கு விழுந்த துட்ட எடுத்தா துணி தொவைச்ச?"